பத்தாம் கட்டையின் விலை

2017 ஜனவரியில் வெள்ளவத்தைச் சந்தைக்கு அருகிலுள்ள கடையொன்றில் சீஆர் கொப்பி ஒன்றை வாங்கி, அதன் முதற்பக்கத்தில் "போலிங்: வரவும் செலவும்" என்று எழுதினேன். டென்பின் போலிங் சுற்றுப்போட்டிகளில் கிடைக்கும் பரிசுத்தொகையைக் கொண்டு மாதச் சம்பளத்துக்கு மேலதிகமாக ஒரு வருமானத்தை ஏற்படுத்திக்கொள்ள முடியுமா என்று மூன்று ஆண்டுகள் முயன்று பார்ப்பதென்றும், அதற்காகக் கையிலிருந்து போகும் ஒவ்வொரு ரூபாவையும் கைக்கு வரும் ஒவ்வொரு ரூபாவையும் அதில் பதிவதென்றும் தீர்மானித்திருந்தேன். புறக்கோட்டையில் இறக்குமதி நிறுவனமொன்றில் கணக்கு எழுதுவதே என் தொழில் என்பதால் பதிவது எனக்குச் சுலபமாக இருந்தது. பதிந்ததை ஒன்றும் விடாமல் கூட்டிப் பார்க்க மட்டும் மூன்றாம் ஆண்டின் இறுதி வரை மனம் வரவில்லை.

கொழும்பில் "நான் போலிங் விளையாடுகிறேன்" என்று ஒருவரிடம் சொன்னால், வேகப்பந்தா சுழற்பந்தா என்ற கேள்விதான் முதலில் வரும். என் அப்பாவும் அப்படித்தான் கேட்டார். பத்துக் கட்டைகளை நோக்கிப் பந்தை உருட்டும் விளையாட்டு அது என்று நான் விளக்கியதும், "அதுக்கு ஆர் காசு தருவினம்?" என்று அடுத்ததாகக் கேட்டார். அன்று என்னிடம் அதற்குச் சரியான பதில் இருக்கவில்லை. ஆட்டக்காரர்கள் பேச்சில் கட்டையைப் "பின்" என்றே சொல்வோம்; எழுத்தில் அது "பிறகு" என்ற பொருளில் வாசிக்கப்பட்டுவிடும் என்பதால் இங்கே கட்டை என்றே எழுதுகிறேன்.

காசு தருகிறவர்கள் பெரும்பாலும் நாங்களேதான். நான் ஆடிய திறந்த சுற்றுப்போட்டிகளில் நுழைவுக் கட்டணம் 4,500 ரூபா அளவில் இருந்தது. அதில் ஒரு பகுதி லேன் (பந்தை உருட்டும் தடம்) வாடகைக்கும் ஏற்பாட்டுச் செலவுக்கும் போக, மிகுதி பரிசுத்தொகையாகச் சேரும். யாராவது ஒரு நிறுவனம் அனுசரணை வழங்கினால் முதற்பரிசு கொஞ்சம் கூடும். வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பரிசு கிடைக்கும். பரிசு கிடைக்கும் கடைசி இடத்தை நாங்கள் "கட்" என்போம். அந்த இடத்தில் நிற்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் நுழைவுக் கட்டணத்தின் இரு மடங்குதான். ஆகவே நாற்பது பேர் போட்ட காசில் ஒரு பங்கு மண்டபத்துக்குப் போய்விட, மிச்சத்தை எட்டுப் பேர் பிரித்துக்கொள்கிறார்கள். ஆடுகிறவர்கள் அனைவரும் ஒரே தரத்தினராக இருந்தால் காலப்போக்கில் அனைவரும் நட்டப்பட்டே ஆகவேண்டும். வருமானம் வேண்டுமென்றால் அந்த மண்டபத்தில் இருக்கும் பெரும்பாலானோரைவிடத் தொடர்ச்சியாகத் திறமையாக ஆடவேண்டும். எப்போதாவது ஒரு நாள் அற்புதமாக ஆடுவது இதற்குப் போதாது.

அமெரிக்காவில் இதைத் தொழிலாகவே செய்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே பீபிஏ என்ற தொழில்முறை ஆட்டக்காரர் சங்கம் 1958இல் உருவானது. 1964இல் டொன் கார்ட்டர் என்ற ஆட்டக்காரர் எபொனைட் என்ற பந்து உற்பத்தி நிறுவனத்துடன் பத்து இலட்சம் டொலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார். 1975இல் ஏர்ல் அந்தனி ஒரே பருவத்தில் 100,000 டொலருக்கு மேல் பரிசாக வென்ற முதல் ஆட்டக்காரரானார். 1982இல் அவருடைய மொத்தப் பரிசுத்தொகை பத்து இலட்சம் டொலரைக் கடந்தது. இன்றும் அங்கே சில பெரிய போட்டிகளின் முதற்பரிசு 100,000 டொலர். அந்தப் பணத்தில் பெரும்பகுதி தொலைக்காட்சியிலிருந்தும் விளம்பரதாரர்களிடமிருந்தும், அதாவது ஆடாதவர்களிடமிருந்து வந்தது. கொழும்பில் சனிக்கிழமை இரவில் ஒரு லேனுக்குப் பின்னால் கதிரை போட்டு இருக்கும் இருபது பேரும் அடுத்த சுற்றில் ஆடக் காத்திருப்பவர்களாகவோ ஆடுகிறவர்களின் வீட்டுக்காரர்களாகவோ இருப்பார்கள். இந்த வேறுபாட்டை நான் முதலாம் ஆண்டிலேயே உணர்ந்திருக்க வேண்டும். பரிசுத்தொகை எழுதிய அட்டையைப் பார்த்தவுடன் அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றுவதில்லை.

எண்களைக் கையாள்கிறவன் என்பதால் இந்த விளையாட்டின் புள்ளி முறை என்னை ஆரம்பத்திலேயே கவர்ந்தது. ஓர் ஆட்டத்தில் பத்துப் பிரேம்கள், அதாவது பத்து முறைகள். முதற்பந்திலேயே பத்துக் கட்டைகளும் விழுந்தால் ஸ்ட்ரைக். பத்துப் புள்ளிகளோடு அடுத்த இரு பந்துகளின் புள்ளிகளும் சேரும். மிச்சம் நின்றவற்றை இரண்டாம் பந்தில் வீழ்த்தினால் ஸ்பேர். பத்தோடு அடுத்த ஒரு பந்தின் புள்ளி சேரும். கடைசிப் பிரேமின் மேலதிகப் பந்துகளோடு பன்னிரண்டு ஸ்ட்ரைக் தொடர்ந்து வந்தால் 300. விளம்பரங்களிலும் வீடியோக்களிலும் காட்டப்படுவது ஸ்ட்ரைக் மட்டுமே. ஆனால் ஒவ்வொரு பிரேமிலும் முதற்பந்தில் ஒன்பது கட்டைகளை வீழ்த்தி, எஞ்சிய ஒன்றை ஒவ்வொரு முறையும் தவறவிடுகிறவரின் மொத்தம் 90. அதே ஒன்பதை வீழ்த்தி, எஞ்சிய ஒன்றை ஒவ்வொரு முறையும் எடுக்கிறவரின் மொத்தம் 190. இருவருடைய முதற்பந்தும் ஒன்றேதான். இருவரும் ஒரு ஸ்ட்ரைக்கும் அடிக்கவில்லை. நூறு புள்ளிகளின் வேறுபாடு அந்தத் தனிக் கட்டையில்தான் இருக்கிறது. நான் ஆடிய போட்டிகளில் சராசரியாக 190 எடுத்தவர் கட்டுக்கு மேலேயே நின்றார்.

இது எனக்குக் கணக்காகத் தெரிந்திருந்தது. 2017 ஓகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைதான் அது கைக்குத் தெரியவந்தது. ஆறு ஆட்டங்களின் கூட்டுத்தொகையில் தெரிவு செய்யும் சுற்று அது. கடைசி ஆட்டத்தின் கடைசிப் பிரேமில் முதற்பந்து ஒன்றாம் மூன்றாம் கட்டைகளுக்கு இடையே நன்றாகவே போய் விழுந்தது. ஒன்பது கட்டைகள் சரிந்தன. ஆறாம் கட்டை மட்டும் பக்கச் சுவரில் பட்டுச் சோர்ந்து, வலது பக்கப் பள்ளத்தில், வலது பின்மூலையில் நிற்கும் பத்தாம் கட்டையின் காலடியில் போய்க் கிடந்தது, அதைத் தொடவில்லை. பந்து திரும்பி வரும்வரை நான் பெருவிரலைத் துவாயில் துடைத்துக்கொண்டிருந்தேன். கொழும்பின் ஈரக் காற்றில் ஐந்தாம் ஆட்டத்துக்குப் பிறகு பெருவிரல் வீங்கிவிடும். துளைக்குள் ஒட்டியிருக்கும் சிறு நாடாத் துண்டுகளில் ஒன்றை உரித்து எடுத்தால்தான் விரல் சரியாகக் கழன்று வரும். அன்று எடுக்க மறந்துவிட்டேன். விரல் துளைக்குள் ஒரு கணம் கூடுதலாக நின்றது, பந்து நினைத்ததைவிட அரைக் கணம் தாமதமாகக் கையை விட்டது, லேனில் பூசியிருக்கும் எண்ணெயைக் கடந்து உலர்ந்த பகுதிக்குப் போனதும் இடதுபக்கம் வளைந்து பத்தாம் கட்டைக்கும் பந்துக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி விட்டுக் கடந்து போனது. அந்தக் கட்டை ஆடவும் இல்லை. என் மொத்தம் 1,124. கட் 1,127. கடைசி இடத்துக்குரிய பரிசு 9,000 ரூபா.

அன்றிரவு வீட்டில் ஆறு ஆட்டங்களின் புள்ளித்தாளையும் விரித்து வைத்து எண்ணினேன். பத்தாம் கட்டை தனியாக நின்று நான் தவறவிட்ட தடவைகள் ஏழு. அவற்றில் ஒன்றை எடுத்திருந்தாலும் நான் கட்டுக்குள் இருந்திருப்பேன், ஏனெனில் தவறவிடப்படும் ஒரு ஸ்பேர் அந்த ஒரு கட்டையை மட்டுமல்லாமல் அடுத்த பந்தின் புள்ளியையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. கொப்பியில் அன்றைய திகதிக்கு நேரே செலவுப் பகுதியில் நுழைவுக் கட்டணத்துக்குக் கீழே "பத்தாம் கட்டை, 9,000" என்று எழுதி வைத்தேன். கணக்கு முறைப்படி அது தவறு. கையில் வராத காசைச் செலவாக எழுதக் கூடாது. ஆனாலும் இன்றுவரை அதை நான் வெட்டவில்லை.

கொம்பனித்தெருவில் வசிக்கும் மலே இனத்தைச் சேர்ந்த மூத்த ஆட்டக்காரர் ஒருவரை நாங்கள் எல்லோரும் நானா என்றே அழைப்போம். அறுபது வயதைத் தாண்டியவர். பந்தை மெதுவாகவே உருட்டுவார். ஒரே தோல் பையை எப்போதும் கொண்டுவருவார். நான் அவரிடம் 1,124இன் கதையைச் சொன்னபோது அவர் என் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே மினுங்கிக்கொண்டிருந்த ஒரேயொரு ரியாக்டிவ் ரெசின் பந்தை, நன்றாக வளையும் வகைப் பந்தை, பார்த்துவிட்டு, "தம்பி, இந்தப் பந்து வளையத்தான் செஞ்சது. அந்த மூலைக்கு நேரா போற பந்து எங்க?" என்று கேட்டார். என்னிடம் அப்படியொன்று இல்லை என்றேன். "முதல்ல அத வாங்குங்க. காசு அந்த மூலைலதான் நிக்கிது" என்றார். நான் அவருக்கு மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். வலக்கை ஆட்டக்காரருக்குப் பத்தாம் கட்டை வலது பின்மூலையில் நிற்கிறது. மற்றக் கட்டைகளில் பெரும்பாலானவற்றை இருபக்கத்தாலும் தொட இடமுண்டு. இதற்கு ஒரு பக்கம் பள்ளம். வளையும் பந்து அந்தப் பக்கத்தின் உலர்ந்த மரத்தில் பட்டதும் கட்டையை விட்டு விலகவே பார்க்கும். எண்ணெயைப் பொருட்படுத்தாத சாதாரண பிளாஸ்டிக் பந்தால் இடது மூலையிலிருந்து வலது மூலைக்குக் குறுக்காக நேர்கோட்டில் உருட்டுவதே நம்பகமான வழி. அடுத்த மாதமே 18,000 ரூபாவுக்கு ஒரு பிளாஸ்டிக் பந்து வாங்கினேன். மூன்று ஆண்டுகளில் நான் இந்த விளையாட்டுக்காகச் செய்த செலவுகளில் தன்னைத்தானே முழுமையாக ஈடுசெய்த செலவு அது ஒன்றே.

எண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் காசைப் பற்றிச் சொல்ல முடியாது. எல்லைக்கோட்டிலிருந்து முதற்கட்டை வரை 60 அடி. அகலத்தில் 39 பலகைக் கோடுகள். இந்த 60 அடியில் முதல் நாற்பது அடி அளவுக்கு எண்ணெய் பூசப்பட்டிருக்கும். மிச்சம் உலர்ந்தே இருக்கும். பொழுதுபோக்குக்கு வருகிறவர்களுக்காகப் பூசும்போது நடுவில் மிகுதியாகவும் ஓரங்களில் குறைவாகவும் பூசுவார்கள். அப்போது பந்து கொஞ்சம் வெளியே தவறினாலும் உலர்ந்த ஓரம் அதை உள்ளே கொண்டுவரும். கொஞ்சம் உள்ளே தவறினாலும் எண்ணெய் அதைப் பிடித்து வைத்திருக்கும். கடுமையான போட்டி முறையில் நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள எண்ணெய் விகிதம் மூன்றுக்கு ஒன்றைத் தாண்டாது. அங்கே தவறு தவறாகவே முடியும். வழக்கமான லேனில் 195 சராசரி எடுத்த நான், அப்படிப் பூசப்பட்ட முதற்போட்டியில் 168 எடுத்தேன். எண்ணெய் எத்தனை அடிக்குப் பூசப்பட்டிருக்கிறதோ அதிலிருந்து 31ஐக் கழித்தால் பந்து எந்தப் பலகையில் வளையத் தொடங்கவேண்டும் என்பது ஏறக்குறையக் கிடைக்கும் என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் கணக்கு அன்று எனக்குப் பெரிதும் உதவியது; நாற்பது அடி என்றால் ஓரத்திலிருந்து ஒன்பதாவது பலகை. ஆனால் அது தொடங்கும் இடத்தை மட்டுமே காட்டும். இரண்டு ஆட்டங்களுக்குப் பிறகு எல்லோருடைய பந்துகளும் எண்ணெயை உறிஞ்சிவிட, காலையில் சரியாக இருந்த கோடு நண்பகலில் பிழையாகிவிடும். அதைப் பார்த்து நிற்கும் இடத்தையும் குறிவைக்கும் இடத்தையும் நகர்த்தத் தெரிந்தவர்தான் பரிசு மேசைக்குப் போகிறார்.

இதில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. ஒரு போட்டியில் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பு புதிதாக எண்ணெய் பூசப்படும் என்று அறிவித்திருந்தார்கள். நாங்கள் மாலைச் சுற்றுக்குப் போனபோது லேன் காலையில் ஆடியபடியே இருந்தது. பந்தைத் திருப்பிப் பார்த்தால், எண்ணெய் வளையம் வளையமாகப் படிய வேண்டிய இடத்தில் ஒரு மங்கல் கோடு மட்டுமே இருந்தது. ஏற்பாட்டாளரிடம் நாங்கள் நால்வர் போய்க் கேட்டோம். இயந்திரம் பழுது என்று சொல்லிவிட்டார்கள். அன்று பரிசு பெற்ற எட்டுப் பேரில் ஏழு பேர் காலைச் சுற்றில் ஆடியவர்கள். இயந்திரம் பழுதாவது எங்கும் நடக்கக்கூடியதுதான், ஆனால் அதை அறிவித்து மாலைச் சுற்றுக்காரர்களின் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம் என்றே இன்றும் நினைக்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு 4,500 ரூபா சிறிய தொகை அல்ல.

காசு எங்கே ஒழுகுகிறது என்பதைக் கொப்பிதான் எனக்குக் காட்டியது. பெரும்பாலான திறந்த போட்டிகளில் மீள்நுழைவு உண்டு. முதற்சுற்றில் எடுத்த புள்ளி போதாது என்றால் மீண்டும் ஒரு கட்டணம் செலுத்தி இன்னொரு சுற்று ஆடலாம்; கூடுதலான புள்ளி கணக்கில் எடுக்கப்படும். முதற்கட்டணத்தைவிட மீள்நுழைவுக் கட்டணம் குறைவு, என் போட்டிகளில் 3,500. அந்தக் குறைவே மனத்தை இளக்கிவிடும். கட்டுக்கு இருபது புள்ளி குறைவாக இருக்கும் ஒருவர், கை சூடாக இருக்கிறது, லேன் பழகிவிட்டது, இன்னொரு முறை ஆடினால் நிச்சயம் என்று எண்ணுவார். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் அதே கட்டணத்தை அதே நேரத்தில் மற்றவர்களும் செலுத்துகிறார்கள், ஆகவே கட்டும் உயர்ந்துகொண்டே போகிறது; நானோ ஆறு ஆட்டங்கள் ஆடிக் களைத்த காலோடும் வீங்கிய விரலோடும் ஏழாவது ஆட்டத்தைத் தொடங்குகிறேன். மூன்று ஆண்டுகளில் பதினொரு முறை மீள்நுழைந்தேன், 38,500 ரூபா. அவற்றில் ஒன்றே ஒன்று என்னைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. அதன் பரிசு 12,000. இந்த ஒரு வரியை முதலாம் ஆண்டிலேயே கூட்டிப் பார்த்திருந்தால் இரண்டாம் ஆண்டில் அந்த மேசைப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

போட்டிக்குள்ளேயே நடக்கும் சிறு பந்தயங்களின் கணக்கு வேறுவிதமானது. எட்டுப் பேர் ஆளுக்கு 500 ரூபா போட்டு, இருவர் இருவராக ஓர் ஆட்டத்தின் புள்ளியை ஒப்பிட்டு, மூன்று ஆட்டங்களில் ஒருவர் மிஞ்சும் வரை போவார்கள். சேரும் 4,000இல் வென்றவருக்கு 2,500, இரண்டாமவருக்கு 1,000, மிச்சம் 500 நடத்துகிறவருக்கு. சமமான எட்டுப் பேர் என்றால் ஒருவர் போடும் ஒவ்வொரு 500க்கும் சராசரியாகத் திரும்பி வருவது 437 ரூபா ஐம்பது சதம். ஆக இதுவும் இயல்பிலேயே நட்டம்தான். இருந்தும் நான் போட்ட 19,000 எனக்கு 27,500 ஆகத் திரும்பி வந்தது. காரணம் ஸ்பேர்தான். ஒரு நாள் 240 எடுத்து அடுத்த ஆட்டத்தில் 150 எடுக்கிறவர் இதில் நிலைக்கமாட்டார். மூன்று ஆட்டங்களிலும் 190 எடுக்கிறவர் நிலைப்பார். அம்மாவுக்கு இது சூதாகவே பட்டது. நான் அவரோடு வாதாடவில்லை. திறமைக்கு இடமிருக்கிறது என்பதால் அது சூது இல்லை என்று ஆகிவிடாது என்பது எனக்கும் தெரியும். அம்மாவின் முகத்துக்காகவே 2019 ஆரம்பத்தில் அதை நிறுத்திக்கொண்டேன்.

ஹண்டிகப் போட்டிகளில் நடக்கும் ஒன்றைப் பற்றி மறைக்காமல் எழுதவேண்டும். குறைந்த சராசரி உள்ளவருக்கு மேலதிகப் புள்ளி கொடுத்துச் சமப்படுத்துவதே ஹண்டிகப். உதாரணமாக 210க்கும் ஒருவருடைய சராசரிக்கும் உள்ள வேறுபாட்டில் 80 சதவீதம் கொடுப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். 160 சராசரி உள்ளவருக்கு ஆட்டத்துக்கு 40 புள்ளி. அதே ஆள் வாராந்தப் போட்டிகளில் வேண்டுமென்றே தவறவிட்டுத் தன் சராசரியை 150ஆகக் காட்டினால் ஆட்டத்துக்கு 48. ஆறு ஆட்டங்களில் 48 புள்ளிகள் சும்மா வந்துவிடும். நானோ மூன்று புள்ளியால் கட் இடத்தைத் தவறவிட்டவன். ஒரு நண்பர் என்னிடம், "நீங்களும் ரெண்டு மாசம் கொஞ்சம் குறைச்சு ஆடுங்கோ, ஆருக்கும் விளங்காது" என்று சொன்னார். நான் மறுத்துவிட்டேன். பத்தாம் கட்டையை எடுப்பதற்காக வாரந்தோறும் கையைப் பழக்கிவிட்டு, அதே கையை அந்தக் கட்டையைத் தவறவிடவும் பழக்கினால், காசு நெருங்கும் நேரத்தில் கை எதைச் செய்யும் என்று எனக்குத் தெரியாது. அதைவிட, ஐந்நூறு ரூபா மிச்சம் பிடித்து நுழைவுக் கட்டணம் செலுத்தும் புதிய பிள்ளைகளின் காசைத்தான் அப்படி எடுக்கிறோம். அவர்களில் சிலர் ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மொன்டே போல் இரண்டு கைகளாலும் பந்தைப் பிடித்து வீசப் பழகுகிறார்கள். பீபிஏயின் பதினைந்து முக்கியப் பட்டங்களை வென்ற அவருடைய ஆட்டத்தை இரவிரவாகக் கைபேசியில் பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை ஏமாற்றிப் பரிசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக என்னால் முடியாது.

2019 டிசம்பர் 31 அன்று கொப்பியைக் கூட்டினேன். பதினான்கு போட்டிகள். நுழைவுக் கட்டணம் 63,000, மீள்நுழைவு 38,500, சிறு பந்தயங்கள் 19,000. ஏழு போட்டிகளில் கிடைத்த பரிசு 146,000. பந்தயங்களில் வந்தது 27,500. இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் 53,000 ரூபா இலாபம். போலிங்கில் காசு பார்க்கிறேன் என்று சொல்லும் பலர் நிறுத்திக்கொள்ளும் இடம் இதுதான். நானும் மூன்று ஆண்டுகள் மனத்துக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் கிழமைக்கு எட்டு ஆட்டம் பயிற்சி, கழிவு விலையில் ஆட்டத்துக்கு 250 ரூபா, ஆண்டுக்கு ஐம்பது கிழமை: மூன்று ஆண்டுகளுக்கு 300,000. ரியாக்டிவ் பந்துகள் இரண்டு 70,000, பிளாஸ்டிக் பந்து 18,000, சப்பாத்து 12,000. எல்லாம் சேர்த்தால் செலவு 520,500, வரவு 173,500. நட்டம் 347,000 ரூபா. ஓட்டோவுக்குக் கொடுத்ததை நான் எழுதவே இல்லை.

மனைவி அந்தத் தாளை வாங்கி ஒரு முறை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "பயிற்சிக் காசைப் போட்டியோடை சேர்க்கக் கூடாது. அது நீங்கள் விரும்பிச் செய்தது" என்றார். அவர் என் மீதுள்ள அன்பினால் சொன்னார். ஆனால் தினமும் கடை திறக்கிறவர் கடை வாடகையைத் தன் விருப்பம் என்று எழுதமாட்டார்.

வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போனால் என்ன என்று பலர் கேட்டார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தாய்லாந்திலும் நடக்கும் திறந்த போட்டிகளில் பரிசு எங்களுடையதைவிடப் பல மடங்கு. 1978இல் பாங்கொக்கில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலேயே இந்த விளையாட்டு சேர்க்கப்பட்டது. 1976இல் பத்தொன்பது வயதில் தெஹ்ரானில் உலகக் கிண்ணத்தை வென்ற பிலிப்பைன்ஸின் பாயேங் நெபொமுசேனோ அதை மொத்தம் நான்கு முறை வென்றார். அந்த நாடுகளில் பிள்ளைகள் சிறு வயதிலேயே பயிற்றுநரின் கீழ் வளர்கிறார்கள். நான் கணக்குப் போட்டேன்: 15 இறாத்தல் பந்து ஒன்று 6.8 கிலோ, மூன்று பந்துகள் 20 கிலோவுக்கு மேல். கட்டுநாயக்க விமான நிலையத்தில் பையை நிறுத்தால் உடுப்புக்கு இடமே இல்லை. விமானச் சீட்டு, தங்குமிடம், நுழைவு, அங்கே தவிர்க்க முடியாத மீள்நுழைவுகள் எல்லாம் சேர்த்தால், முதல் பத்து இடங்களுக்குள் வந்தால்தான் போட்ட காசாவது மீளும். அங்கே முதல் பத்துக்குள் வரும் ஆட்டம் என்னிடம் இல்லை. போகவில்லை.

கடைசியில் காலமே இதை நிறுத்திவிட்டது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பல மாதங்கள் மக்கள் கூடும் இடங்களுக்கு யாரும் போக விரும்பவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2022இல் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. கட்டை அடுக்கும் இயந்திரத்தை டீசலில் ஓட்டிப் போட்டி நடத்த யாரால் முடியும்? அந்த ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 180 டொலர் பெறுமதியான பந்து ஒன்று 36,000 ரூபாவிலிருந்து 64,800 ரூபாவானது. ரியாக்டிவ் பந்து எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சில நூறு ஆட்டங்களில் அதன் பிடி தளர்ந்துவிடும். என்னுடைய இரண்டு பந்துகளும் அப்போதே தளர்ந்துவிட்டன. பிளாஸ்டிக் பந்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது இரண்டாவது கொப்பி எழுதுகிறேன். அதில் வருமானப் பகுதியில் பெரிய வரி போட்டிப் பரிசு இல்லை. கொழும்பு நிறுவனங்கள் தங்களுக்கிடையே நடத்தும் போட்டிகளுக்கு முன்னர் அவற்றின் ஊழியர்கள் சிலர் நான்கைந்து நாள் பழக்கிவிடும்படி கேட்கிறார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறேன். அவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ஸ்ட்ரைக் இல்லை என்பதால் சிலர் ஏமாற்றமடைகிறார்கள். போட்டிகளுக்கு ஒரே ஒரு முறைதான் நுழைகிறேன். கட்டுக்கு எத்தனை புள்ளி குறைந்தாலும் பையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். இந்த ஆண்டு நான்கு போட்டிகளில் கட்டணமாகப் போனது 26,000. பரிசாக வந்தது 41,000. பயிற்சிச் செலவை இம்முறை அதே பக்கத்தில் பக்கத்து நிரலிலேயே எழுதுகிறேன். அதையும் சேர்த்தால் இன்னும் நட்டம்தான், ஆனால் பழக்கிக் கொடுப்பதில் வரும் காசு அதை ஏறக்குறைய மூடிவிடுகிறது.

சனிக்கிழமைகளில் காலை ஒன்பது மணிக்கு, கூட்டம் வருவதற்கு முன்னர், பிளாஸ்டிக் பந்தோடு மட்டும் போகிறேன். பத்துக் கட்டைகளும் முழுமையாக அடுக்கப்பட்டிருக்க, இடது மூலையில் நின்று குறுக்காக உருட்டிப் பத்தாம் கட்டையை மட்டும் வீழ்த்தவேண்டும். ஆறாம் கட்டையில் உரசினால் திரையில் 2 விழும், பள்ளத்தில் போனால் 0. பக்கத்து லேனில் பிறந்தநாள் கொண்டாட வந்திருந்த ஒரு சிறுமி, தொடர்ந்து 1, 1, 0, 2, 1 என்று விழுவதைப் பார்த்துவிட்டுத் தன் தாயிடம், "அந்த அங்கிளுக்கு ஏலாது போல" என்று சொன்னது எனக்குக் கேட்டது. கடந்த சனிக்கிழமை ஐம்பது பந்துகளில் இருபத்தொன்று. அதற்கு முந்திய சனிக்கிழமை பதினெட்டு.